இன்னார் இப்படித்தானா?



தாய் நாயைக் காட்டி, “நாய்” என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். மறுநாள் வேலியோரத்தில் ஆட்டைக் கண்ட குழந்தை அதனையும் “நாய்” என்கிறது. தாய் திருத்துகிறாள், குழந்தையும் திருந்திக்கொள்கிறது.

மனித மனம் கருத்துக்களை ஆக்கும் விதத்தை, 1274-ஆம் ஆண்டில் மரித்த புனித தோமஸ் அக்குவினாஸ், அரிஸ்டோட்டிலைப் பின்பற்றி விளக்கியுள்ளார். நமது அறிவு புலன்களில் தொடங்குகிறது. கண் காண்பது இந்த மாமரத்தையும் அந்த மாமரத்தையுமே. புத்தியோ அவற்றின் தனி இயல்புகளை விலக்கி, பொதுவானதைப் பிரித்தெடுத்து, “மாமரம்” என்னும் கருத்தை அமைக்கிறது. இவ்வாற்றல் இறைவனின் கொடை. இஃதில்லையேல் காணும் மரமெல்லாம் நமக்குப் புதிராகவே இருக்கும். ஆதாம் உயிரினங்களுக்குப் பெயரிட்டதாக ஆதியாகமம் கூறுவதும் இக்கொடையை நினைவூட்டுகிறது.

ஆயினும் நாம் வகுக்கும் வகைகள் பிழைபடலாம். லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் 1735-இல் திமிங்கிலத்தை மீன்களோடு சேர்த்தார். அது நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டிக்குப் பாலூட்டும் உயிர். ஆகவே 1758-இல் அதனைப் பாலூட்டிகளோடு சேர்த்தார். குழந்தையைப் போலவே அறிஞரும் திருத்திக்கொண்டார்.

மனிதரைப்பற்றி நாம் வகுத்தவற்றை அப்படித் திருத்துகிறோமா? “அந்த ஊரார் இப்படித்தான்”, “அந்தச் சாதி, அந்த இனம் அப்படித்தான்” என்று ஒருமுறை முடிவுகட்டிவிட்டால், எதிரே நிற்பவரின் முகத்தையும் பார்ப்பதில்லை. மரத்தின் தனி இயல்பை விலக்குவதால் மரத்துக்குக் கேடில்லை. மனிதனிடமோ, நாம் விலக்கிவிடும் அந்தத் தனி இயல்பே அவனை அவனாக்குகிறது.

இராயப்பரும் இதனைக் கற்கவேண்டியிருந்தது. சுத்தமானது, அசுத்தமானது என்ற பிரிவுகளிலே வளர்ந்தவர் அவர். யோப்பாவில் கண்ட காட்சிக்குப் பின்னர், புறவினத்தவனான கொர்னேலியுவின் வீட்டினுள் நுழைந்தார். எந்த மனிதனையும் அசுத்தன் என்று தள்ளலாகாது என்பதை உணர்ந்தார். அப்போஸ்தலர் பணி 10-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள்.

நல்லாயன் தம் ஆடுகளை மந்தையாக மட்டும் அறிந்தவரல்லர். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைப்பவர். இந்த வாரம், நீங்கள் ஒதுக்கி வைத்திருக்கும் ஒருவரின் பெயரைக் கேட்டறியுங்கள். அவரோடு அமர்ந்து பேசுங்கள். உங்கள் கணக்கு திருந்தும்; உள்ளமும் விரியும்.