பக்கவாட்டு வெளிச்சம்

மணலியை அடுத்த எங்கள் மாத்தூரில் பாறை கிடையாது. பக்கத்து மனையில் போர் போட்டபோது நின்று பார்த்தேன். களிமண் வந்தது, மணல் வந்தது, மறுபடி களிமண். வாசற்படிக் கல்லிலிருந்து மொட்டைமாடிக் கான்கிரீட்டின் ஜல்லி வரைக்கும் எல்லாமே வேறெங்கோ உடைபட்டு லாரி ஏறி வந்தவை. இந்த ஊர்க்காரனுக்கு ஏன் பாறைக் கிறுக்கு பிடித்தது என்று வீட்டில் கேட்கிறார்கள். இல்லாததால்தான் பிடித்தது என்று நினைக்கிறேன்.

*

கல் இல்லாவிட்டாலும் ஆறு இருக்கிறது. எண்ணூரில் கடலில் சேரும் கொசஸ்தலை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் மிதந்து வந்ததே, அதே ஆறு. ஆற்றோடு மேலே போய், பூண்டியைத் தாண்டினால் அத்திரம்பாக்கம். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் புட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்காலக் கைக்கோடரியைப் பொறுக்கினார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கம் போனார்கள். பின்னாளில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே தோண்டி, கிடைத்த கற்கருவிகளின் வயதை 2011-இல் சொன்னார்கள்: சுமார் 15 லட்சம் ஆண்டுகள்.

அந்தக் கருவிகளைக் கண்ணாடிப் பேழையில் பார்த்தபோது எனக்குப் பெரிய குழப்பம் எதுவும் வரவில்லை. வெட்ட, கிழிக்க, தோண்ட. புரிகிறது. சுவரில் கோடு இழுப்பது அப்படியல்ல. அதனால்தான் பாறைக் கீறல்கள் இருக்கும் பெருமுக்கல்லுக்குக் கிளம்பினேன்.

*

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இறங்கிக்கொள்ளலாம். மலை என்று சொன்னாலும் தட்டையான வயல்களுக்கு நடுவே குவித்துப் போட்டதுபோல ஒரு கற்குன்று. மேலே சிவன் கோயில். சுற்றிலும் நெடுந்தூரம் பார்க்கலாம் என்பதால் இங்கே கோட்டையும் இருந்தது. 1760-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இதற்காக அடித்துக்கொண்டார்கள். அந்தக் கதைக்கு நான் வரவில்லை.

அடிவாரத்தில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா என் முக்காலியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"சர்வே எடுக்கவா சார் வந்திருக்கீங்க?"

"இல்லம்மா. சீதை குகையைப் படம் எடுக்க."

"ம்" என்றார். நம்பியதாகத் தெரியவில்லை. முக்காலியோடு வருகிறவன் எதற்கு வருவான் என்று அவருக்குத் தெரியும்போல.

*

குகை என்பதைவிடப் பாறை ஒதுங்கல் என்பது சரி. சீதை இங்கே இருந்தாள் என்பது ஊர் நம்பிக்கை. உள்ளே போனதும் கண்ணுக்குப் பட்டது காதலர் பெயர்கள், ஒரு இதயம், ஒரு கட்சிச் சின்னம். எல்லாம் வெள்ளை வெள்ளையாக, நேற்றுக் கீறியவை. பழங்கீறல் எதையும் காணோம். கேமராவின் பிளாஷைப் போட்டு எடுத்தேன். திரையில் வெறும் சாம்பல் சுவர். மறுபடி எடுத்தேன், மறுபடியும் சுவர். இவ்வளவு தூரம் வந்தது இதற்கா என்று உட்கார்ந்துவிட்டேன்.

தண்ணீர் குடித்துவிட்டு டார்ச்சை எடுத்துச் சுவரோடு ஒட்டினாற்போல, அநேகமாக சுவரையே தடவுகிற மாதிரி, இடப்பக்கத்திலிருந்து பிடித்தேன். கோடுகள் எழுந்து வந்தன. கட்டங்கள், ஒன்றையொன்று வெட்டும் கோடுகள், முக்கோணம் போலச் சில. ஒவ்வொரு பள்ளத்தின் ஓரத்திலும் நூல் போல ஒரு நிழல். டார்ச்சைக் கொஞ்சம் நிமிர்த்தினால் அத்தனையும் போய்விடுகிறது, சாய்த்தால் திரும்பி வருகிறது. நான் இதைப் பத்துப் பதினைந்து முறை செய்தேன். படம் எடுக்க மறந்துபோனது.

நேராக அடிக்கும் வெளிச்சம் நிழலை விழுங்கிவிடுகிறது. கீறலுக்கு நிறம் கிடையாது. இதே மாவட்டத்துக் கீழ்வாலைப் பாறையில் இருப்பது செங்காவி ஓவியம். அது வெளிச்சம் எப்படி விழுந்தாலும் கேமராவுக்குள் வந்துவிடும். இங்கே இருப்பது சுவரும் பள்ளமும் மட்டும், அதுவும் பாறையின் நிறத்திலேயே. கீறிய புதிதில் இதுவும் அந்தக் காதலர் பெயர்களைப் போல வெள்ளையாகப் பளிச்சென்று இருந்திருக்கும். பிறகு பாறை தன் தோலை அதன்மேல் மெல்ல மூடிக்கொண்டது.

இதற்குப் பொறுமையில்லாதவர்கள் சாக்பீஸால் கோட்டின்மேல் கோடு போடுகிறார்கள், தண்ணீர் ஊற்றித் துடைக்கிறார்கள். படம் நன்றாக வரும்தான். ஆனால் அது சாக்பீஸ் பிடித்தவர் வரைந்த படம்.

*

வயநாட்டு எடக்கல் குகைக் கீறல்களை 1890-களில் மலபாரின் போலீஸ் அதிகாரி பாசெட் உலகுக்குச் சொன்னார். பெருமுக்கல் கீறல்கள் அவற்றைப் போல இருக்கின்றன என்கிறார்கள், சிந்துவெளிக் குறிகளைப் போல என்றும் சொல்கிறார்கள். இந்தப் 'போல' எனக்குக் கொஞ்சம் அவசரமாகப் படுகிறது. கட்டமும் முக்கோணமும் என் பேத்திகூடப் போடுகிறாள். அவளிடம் இது என்ன என்று கேட்டால் "கோடு" என்கிறாள்.

*

மகாராஷ்டிரத்தில், ரத்னகிரிப் பக்கத்துச் செம்புறாங்கல் தரையிலும் யானை, மீன், மனிதர் எல்லாம் ஆளைவிடப் பெரிதாகச் செதுக்கியிருக்கிறார்கள். அவை 2022-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. அவற்றில் சில இருக்கும் பார்சுவில்தான் பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலைக்கு இடம் பார்த்தார்கள். 2023 ஏப்ரலில் மண் பரிசோதனைக்கு வண்டிகள் வந்தபோது ஊர்ப் பெண்கள் ரோட்டில் படுத்து மறித்தார்கள். எங்கள் பக்கத்து மணலி சுத்திகரிப்பு ஆலை 1969-இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. அதன் புகைபோக்கி நெருப்பைப் பார்த்தபடி இந்தச் செய்தியைப் படித்தேன்.

*

இறங்கும்போது மூன்று மணி. தூரத்தில் வெடிச்சத்தம் ஒன்று. குவாரியா, கல்யாண வேட்டா, தெரியவில்லை. திண்டிவனம் வரும்வரை பஸ்ஸுக்கு முன்னால் டிப்பர் லாரிதான், தார்ப்பாய்க்கு அடியில் எம்.சாண்ட் ஒழுகிக்கொண்டே போனது. அந்தப் பெரியம்மாவின் "ம்" ஞாபகம் வந்தது.

*

எடுத்தவை 43. தேறியவை 6. அவற்றில் ஒன்றில் என் கட்டைவிரல் நிழல் கோட்டின் குறுக்கே விழுந்திருக்கிறது. அதை அழிக்க மனம் வரவில்லை.

ராத்திரி பால் வாங்கப் போனபோது மாத்தூர் வளைவில் லாரி சிந்திய ஜல்லி கிடந்தது. ஒன்றை எடுத்து, சட்டைப்பையில் இன்னும் இருந்த டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தேன். உடைந்த முகங்கள் மினுக்கின. ஒரு பக்கம் மட்டும் மங்கலாக, பழந்தோலோடு இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது, ஒதுங்கினேன்.