முத்தும் மாரியும்

நோயையும் அன்னையையும் 'அம்மை' என்னும் ஒரே சொல்லால் சுட்டும் தமிழ் வழக்கில், கொப்புளத்தை முத்து என்பதும், நோய் கண்ட வீட்டில் 'தாய் இறங்கியிருக்கிறாள்' என்பதும், துன்பமும் அருளும் ஓரிடத்திலிருந்தே வருகின்றன என்னும் கோட்பாட்டைச் சுமந்து நிற்கின்றன.

பெரியம்மை வைரஸ், பெரும்பாலான டிஎன்ஏ வைரஸ்களைப் போல உயிரணுவின் உட்கருவுக்குள் புகாமல், அதைச் சூழ்ந்த குழம்பிலேயே பெருகும் பாக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. சின்னம்மையோ, பெயரில் தங்கையாயினும், ஹெர்பிஸ் என்னும் வேறு குடும்பத்தது. பாக்ஸ் குடும்பத்தின் இன்னொரு கிளை பூச்சிகளைத் தாக்குவது. பயிரை மொட்டையடிக்கும் இந்தியக் கம்பளிப்புழு ஒன்றைக் கொல்லும் வைரஸும் அதில் அடங்குவதால், மனிதருக்குக் கொடியதாயிருந்த குலமே உழவருக்குத் துணையாகவும் தோன்றக்கூடும்.

கிண்டி கிங் நிலையம் போன்றவை தயாரித்த தடுப்பு மருந்தின் துணையோடு 1975-இல் இந்தியாவில் ஓய்ந்த பெரியம்மை, 1980-இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் ஆடி பிறந்தால் தாம்பரம் முதல் கோவளம் வரையிலான ஊர்களில் அம்மைத் தெய்வமான மாரிக்கு வேப்பிலை கட்டி, கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, சின்ன வெங்காயத்தோடு வார்ப்பது நிற்கவில்லை. நோய் போனபின் தெய்வம் எதற்கு என்போர், மாரி என்பதற்கு மழை என்றும் பொருளுண்டு என்பதை மறந்துவிடுகின்றனர். வைரஸ் அவளுடைய வருகைக்கு ஒரு வடிவமாகக் கருதப்பட்டதேயன்றி அவளாகவே கருதப்படவில்லை. இதனினும் கடினமான கேள்வி, அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் இரு ஆய்வகங்களில் உறைநிலையில் எஞ்சியிருக்கும் வைரஸைக் கொல்லலாமா என்பது; அதற்கென 1999-இல் குறித்த நாளும் தள்ளிப்போயிற்று.