“வந்ததைத்தானே அனுப்பினேன்”

சில மாதங்களுக்கு முன் நோயுற்ற ஒரு முதிய தாய்க்கு நற்கருணை கொண்டு சென்றிருந்தோம். பல ஆண்டுகளாகச் சலரோகம் உள்ளவர். கிளினிக்கில் கொடுத்த குளிசைகளை ஒழுங்காக எடுத்து வந்தவர், இடையில் அவற்றை நிறுத்திவிட்டு ஓர் இலைச்சாற்றை மட்டும் குடித்து வந்திருக்கிறார். காலிற் புண் ஏற்பட்டு, ஈற்றில் இரண்டு விரல்களை வெட்டியெடுக்க வேண்டி வந்தது. இலைச்சாறு பற்றிய செய்தியை வட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பியவர் வேறு யாருமல்லர், சொந்த மகளே. நாம் வெளியே வரும்போது அந்த மகள் படலை வரை வந்து கேட்டார்: “நான் நல்லதுக்குத்தானே அனுப்பினனான். எனக்கு வந்ததைத்தானே அனுப்பினனான். இது பாவமோ, சுவாமி?”

அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறோம். ஏனெனில் இந்தக் கேள்வி அவருடையது மட்டுமன்று. கையிலே தொலைபேசி உள்ள ஒவ்வொரு கத்தோலிக்கக் குடும்பமும் தன்னைத்தானே கேட்க வேண்டிய கேள்வி இது.

அறிய வேண்டும் என்ற ஆவல் இறைவன் மனிதனுக்குத் தந்த கொடை. அதைத் திருச்சபை ஒருபோதும் பழித்ததில்லை. ஆனால் பசியைப் போன்றே இந்த ஆவலும் ஒழுங்குபடுத்தப்பட வேண்டியது. உணவில் மட்டசனம் வேண்டுமென்று ஞானோபதேசத்திற் கற்றோம். அறிவிலும் அது வேண்டும் என்கிறார் புனித அக்குயினாஸ் தோமையார். அறிவை முறையாகத் தேடும் நாட்டத்தை அவர் தன்னடக்கம் என்னும் புண்ணியத்தோடு சேர்த்து வைக்கிறார். அதற்கு எதிரான தீக்குணத்துக்கு நம் யாழ்ப்பாணப் பேச்சிலே அருமையான ஒரு சொல் உண்டு: விடுப்பு. தன் கடமையை விட்டுவிட்டுப் பயனற்றதை அறிய அலைவது, அறியத் தகாதவரிடம் அறிவைத் தேடுவது, பிறரை இழிவுபடுத்துவதற்காக அவர்களுடைய குற்றங்களைத் துருவுவது ஆகிய எல்லாவற்றையும் அவர் இந்தத் தீக்குணத்தின் கீழ் அடக்குகிறார். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது, இன்றைய நம் மாலைப்பொழுதுகளைக் கண்டு எழுதியது போல இருக்கிறது.

அறிவைத் தேடும் இரண்டு வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒருவர் பொது நூலகத்துக்குப் போகிறார். அவர் மனதிலே ஒரு கேள்வியோடு போகிறார். நூலகர், “எதைப் பற்றித் தேடுகிறீர்கள்?” என்று கேட்கிறார். ஒரு நூலைக் கேட்டவருக்கு அதே அடுக்கிலே வேறு நான்கு நூல்களும் கண்ணிற் படுகின்றன. அவற்றுள் ஒன்று மற்றொன்றை மறுத்துரைக்கவும் கூடும். ஒவ்வொரு நூலிலும் எழுதியவர் பெயர், பதிப்பித்தவர் பெயர், ஆண்டு எல்லாம் உண்டு. பிழை இருந்தால் யாரைக் கேட்பது என்பது தெரியும்.

சமூக ஊடகத்தில் நடப்பதோ வேறு. நாம் கேளாத கேள்விக்கும் அங்கே விடை வந்து விழுகிறது. எது நம் கண்ணை அதிக நேரம் பிடித்து வைக்குமோ அதையே இயந்திரம் நம்முன் நிறுத்துகிறது. கோபமும் அச்சமும் கண்ணைப் பிடித்து வைப்பதில் வல்லவை. வருகின்ற செய்திக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. ஆனால் அதைக் கொண்டு வருபவர் நம் அண்ணன், நம் மச்சாள், நம் மகள். ஆகவே, செய்தியை நம்பாமல், அனுப்பியவரையே நம்பிவிடுகிறோம். அந்த முதிய தாய் இலைச்சாற்றை நம்பவில்லை. தன் மகளை நம்பினார். இங்கேதான் ஆபத்து இருக்கிறது. பெயரற்ற ஒருவனுடைய பொய், நம்முடைய நல்ல பெயரை அணிந்துகொண்டு அடுத்த வீட்டுக்குள் நுழைகிறது.

ஆயினும் பழையதைப் புகழ்ந்து புதியதைப் பழிப்பது எம் நோக்கமன்று. பொய் அச்சிலும் ஏறும். இப்பத்திரிகையிலும் பிழை நேர்ந்து திருத்தம் வெளியிட்டதுண்டு. வதந்தி பரவத் தொலைபேசி தேவையுமில்லை. 1983ஆம் ஆண்டு ஜூலை 29ஆந் திகதி, கொழும்புக்குப் புலிகள் வந்துவிட்டார்கள் என்று பரவிய வாய்ப்பேச்சு எத்தனை தமிழ் உயிர்களைக் குடித்தது என்பதை நம் மூத்தவர்கள் மறக்கவில்லை. மறுபுறம், 2022ஆம் ஆண்டு எரிபொருள் இன்றி நாடு தவித்தபோது எந்த நிரப்பு நிலையத்துக்குப் பெற்றோல் வந்தது என்பதை நமக்குச் சொன்னது தொலைபேசிதான். எந்த நூலகமும் அன்று. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத் தளம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பழைய பத்திரிகைகளையும் எவரும் இலவசமாகப் படிக்கத் திறந்து வைத்திருக்கிறது. அதே திரையிலே நூலகமும் உண்டு, விடுப்பும் உண்டு. நாம் எந்த மனதோடு அதைத் திறக்கிறோம் என்பதே கேள்வி.

இதை நன்கு உணர வேண்டிய மக்கள் நாம். யாழ்ப்பாணப் பொது நூலகம் அரசாங்கம் கொடுத்த தானமன்று. 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டிலே தொடங்கிய சிறு முயற்சி அது. புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபர் லோங் அடிகளார் அதற்கொரு தகுந்த கட்டடம் எழ வேண்டுமென்று முன்னின்று உழைத்தார். 1959இல் அக்கட்டடம் திறக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு அது எரிக்கப்பட்டது. பன்மொழிப் புலவரான தாவீது அடிகளார் அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியிலே உயிர் நீத்தார். நூலகம் பின்னர் மீண்டும் எழுந்தது. அறிவைத் தேடும் இடத்துக்காக இவ்வளவு விலை கொடுத்த ஒரு சமூகம், எங்கிருந்தோ வந்த வரிகளை ஒரு விரலசைவில் ஊருக்கெல்லாம் அனுப்புவது பொருந்துமா?

விளைவுகளை நாட்டிலும் கண்டோம். 2018ஆம் ஆண்டு பெப்ரவரியில், அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் உணவோடு மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை கலக்கப்படுகிறது என்ற கதை முகநூலில் பரவியது. அந்தப் பொருள் வெறும் மாவு என்பதை அரச பகுப்பாய்வாளர் பின்னர் கண்டறிந்தார். அதற்கிடையில் அம்பாறையில் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன. மார்ச் மாதத்தில் கண்டி மாவட்டத்தில் வீடுகள் எரிந்தன. தன் தளம் அந்த வன்முறைக்குத் துணைபோனதற்காக முகநூல் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது.

அவை பிறருடைய குற்றங்கள் என்று நாம் தப்பிக்க முடியாது. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் வழிபாட்டில் இருந்தோர் கொல்லப்பட்டார்கள். நம் துயரம் உண்மையானது. நம் கோபத்துக்கும் காரணம் இருந்தது. ஆனால் அடுத்து வந்த நாட்களில், ஆராயாத எத்தனை செய்திகள் நம் கைகளிலிருந்தும் சென்றன! நீர்கொழும்பிலே தஞ்சம் புகுந்திருந்த பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகள் நூற்றுக்கணக்கானோர் வாடகை வீடுகளை விட்டு விரட்டப்பட்டார்கள். தம் நாட்டில் மதத்தின் பெயரால் துன்புறுத்தப்பட்டு ஓடி வந்தவர்கள் அவர்கள். அவர்களுள் கிறிஸ்தவர்களும் இருந்தனர். துன்பப்பட்டவன் என்பதால் ஒருவனுக்கு எட்டாம் கட்டளையிலிருந்து விலக்குக் கிடைப்பதில்லை.

இனி அந்த மகளின் கேள்விக்கு வருவோம். அறியாமல் செய்தது குற்றமாகுமா? அறநெறி இறையியல் அறியாமையை இரண்டாகப் பிரிக்கிறது. எவ்வளவு முயன்றாலும் நீக்க முடியாத அறியாமை ஒன்று. அது குற்றத்தை நீக்கும். சிறிது முயன்றால் நீக்கியிருக்கக்கூடிய அறியாமை மற்றொன்று. அது குற்றத்தைக் குறைக்கலாம், முற்றாக நீக்காது. எவ்வளவு முயற்சி வேண்டும்? காரியம் எவ்வளவு பாரதூரமானதோ அவ்வளவு. இன்று கோவிலில் பூசை எத்தனை மணிக்கு என்ற செய்தியை ஆராயாமல் அனுப்பிப் பிழைத்தால் ஒருவர் பூசைக்குப் பிந்துவார். ஒருவருடைய உடல்நலம், மானம், ஓர் இனத்தின் பாதுகாப்பு என்பவை பற்றிய செய்தி அப்படிப்பட்டதன்று. அங்கே ஆராயாமல் இருப்பதே ஒரு தவறு. “நான் எழுதவில்லையே” என்பது அங்கே போதிய விடையாகாது. போதிய ஆதாரமின்றி அயலானின் குற்றத்தை உண்மையென ஏற்பதே பாவம் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கும்போது, ஏற்றதோடு நில்லாமல் பரப்புவதைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

ஆகவே அந்தச் சகோதரிக்கு நாம் சொன்னது இதுவே: “நீங்கள் தீமை நினைக்கவில்லை, அன்பினால் செய்தீர்கள். அதை ஆண்டவர் அறிவார். ஆனால் அன்புக்கும் ஒரு கடமை உண்டு. கிளினிக்கில் உள்ள டொக்டரிடமோ தாதியிடமோ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அது கேட்கப்படவில்லை. அந்தக் கடன் உங்களிடம் இருக்கிறது.”

கடன் என்றால் தீர்க்க வேண்டும். களவெடுத்தவன் பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். உண்மைக்கு எதிரான குற்றத்துக்கும் அதே பரிகாரத்தைத் திருச்சபை கேட்கிறது. பிழையான செய்தியை எந்த முப்பது பேருக்கு அனுப்பினோமோ அதே முப்பது பேருக்கும் ‘நான் அனுப்பியது தவறு’ என்று எழுதுவதே அந்தப் பரிகாரம். சத்தமின்றி அழித்துவிடுவது பரிகாரமாகாது.

பெரேயா நகரத்தவர் பவுலடியார் சொன்னதைக்கூட, அது உண்மையோ என்று மறைநூலை நாள்தோறும் ஆராய்ந்தார்கள். அதற்காக அவர்களைப் பெருந்தன்மையுள்ளவர்கள் என்று அப்போஸ்தலர் பணி நூல் போற்றுகிறது. அப்போஸ்தலர் சொன்னதையே ஆராய்ந்தவர்கள் புகழப்பட்டார்களென்றால், பெயரற்றவர் சொன்னதை ஆராய்வதில் என்ன தயக்கம்?

குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பலமுறை கைமாறிய செய்திக்கு வட்ஸ்அப்பே இரட்டை அம்புக்குறி இடுகிறது. அதைக் கண்டால் நின்று, இதைச் சொன்னவர் யார், அறியக்கூடியவரிடம் கேட்டேனா, இது பொய்யானால் யாருக்குக் காயம் என்று கேளுங்கள். முன்பு நம் வாசிகசாலைகளிலே ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, மற்றவர்கள் மறித்துக் கேள்வி கேட்பார்கள். அந்த மறித்துக் கேட்கும் பழக்கம் வீட்டிலும் வரட்டும். சனிக்கிழமைகளில் பிள்ளைகளை அருகிலுள்ள நூலகத்துக்குக் கூட்டிச் செல்லுங்கள். நூலகரிடம் எப்படிக் கேட்பது என்று கற்ற பிள்ளை, தொலைபேசியிடமும் கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ளும்.

அடுத்த மாதம் அந்த வீட்டுக்குப் போனபோது மகள் தம் தொலைபேசியைக் காட்டினார். எல்லாருக்கும் எழுதியிருந்தார், தம் தாயாருக்கு நேர்ந்ததையும் மறைக்கவில்லை. அதைப் படித்த உறவினர் ஒருவர், தானும் குளிசையை நிறுத்தியிருந்ததாகவும் மறுபடி தொடங்கிவிட்டதாகவும் பதில் எழுதியிருந்தார். தாயார் கட்டிலிலிருந்து, “அவளை ஏசாதேங்கோ, சுவாமி” என்றார். ஏசுவதற்கு எதுவும் இருக்கவில்லை.