பிறரை அறியும் கடன் யாருடையது?

சேர்ந்து தொழில் புரிவோர் ஓரூரில் வாழ வேண்டும் என்ற நியதி இன்று இல்லை. கொழும்பில் ஒருவர் எழுதும் மென்பொருளை இலண்டனில் மற்றொருவர் சோதிக்கிறார். இத்தகைய குழுக்களுக்குப் பண்பாட்டுப் பயிற்சி அளிக்கப்படுகிறது. 'ஆம்' என்ற சொல் உடன்பாட்டைக் குறிக்கின்றதா, கேட்டுக்கொண்டமையை மட்டும் குறிக்கின்றதா என்பன போன்ற நுட்பங்கள் அங்கே கற்பிக்கப்படுகின்றன. அதனாற் பயன் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அறவியல் எழுப்பும் வினா வேறு: யாரை அறிய யார் கடமைப்பட்டவர்?

ஒல்லாந்த அறிஞர் கீர்ட் ஹொஃப்ஸ்டெட் 1980இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய பயிற்சிகள் பலவற்றுக்கு அடிப்படையாகும். ஐ.பி.எம். நிறுவனத்தின் பன்னாட்டு ஊழியர் அளித்த விடைகளைக் கொண்டு அவர் நாடுகளின் பண்பாட்டை அளவிட்டார். அவ்வளவைத் தனிமனிதர்மீது ஏற்றலாகாது என அவரே எச்சரித்துள்ளார். புத்தளக் கரையோரத்தை நோக்கின் அவ்வெச்சரிக்கையின் பொருள் விளங்கும். உடப்பில் தமிழ் மீனவர் திரௌபதை அம்மனுக்குத் தீமிதிக்கின்றனர். முன்னேசுவரத்திற் சைவரோடு சிங்கள பௌத்தரும் வழிபடுகின்றனர். தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தில் இருமொழியாளரும் மன்றாடுகின்றனர். இவர்களை எந்தச் சராசரியில் அடக்குவது? எதிரில் நிற்பவரைக் கேட்டே அறிதல் வேண்டும்.

கேட்கும் பொறுப்பு பெரும்பாலும் எளியவர் தலையிலேயே சுமத்தப்படுகிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பெரும் பகுதியினர் இம்மாவட்டத்திலே தஞ்சம் புகுந்தனர். மொழி ஒன்று, மார்க்கமும் ஒன்று. ஊரவர் மனமுவந்து இடமளித்தனர். எனினும் காலப்போக்கில் நிலம், தொழில், கல்வி வாய்ப்புகள் பற்றிய மனக்கசப்புகள் எழுந்தன. 'அகதி' என்ற பெயரும் பல்லாண்டுகள் நீங்கவில்லை. வந்தவர் ஊருக்கேற்ப மாற வேண்டும் என்பது எங்கும் உள்ள எதிர்பார்ப்பு. அவர் எதை இழந்து வந்தார் என்பதை ஊரும் அறிய வேண்டும் என்பதோ எளிதில் மறக்கப்படுகிறது. மென்பொருட் குழுக்களிலும் நிலைமை இதற்கு வேறன்று. கூலி பெறுபவர் வாடிக்கையாளரின் பேச்சுமுறையையும் விடுமுறை நாட்களையும் கற்கிறார்; அவருடைய நோன்பையோ இழந்த உறக்கத்தையோ வாடிக்கையாளர் பல வேளைகளில் அறிவதில்லை.

இலாபம் கருதிப் பெறும் அறிவு அறமாகாது எனச் சிலர் கூறக்கூடும். அக்கூற்று முழுவதும் ஏற்கத்தக்கதன்று. 1344இல் இப்னு பதூதா புத்தளக் கரையில் இறங்கி ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார். மன்னன் பாரசீக மொழியை விளங்கிக்கொண்டதாக அவர் பதிந்துள்ளார். விரும்புவது யாது என மன்னன் வினவ, பாவா ஆதம் மலையைத் தரிசிக்க வேண்டும் என்றார் அவர். முஸ்லிம் யாத்திரிகருக்குத் துணையாக யோகியரும் பிராமணரும் அனுப்பப்பட்டனர். முத்தும் கடல் வணிகமும் உடைய மன்னனுக்குப் பிறமொழியறிவால் ஆதாயமும் இருந்திருக்கும். ஆயினும் அங்கே மொழி கற்றவன் அதிகாரம் உடையவன், வழிப்போக்கன் அல்லன்.

எனவே குறை ஆதாயத்தில் இல்லை. அறிதல் ஒருபக்கமாக நின்றுவிடுவதிலேயே உள்ளது. பயிற்சி இருசாராருக்கும் உரியது. வேலை நேரத்தையும் கூலியையும் தீர்மானிப்பவர் எவரோ, முதலிற் கற்கும் கடனும் அவருடையதே.