பின்னால் வரும் வீடு

பரம்பரை நிலத்தையும் களஞ்சியத்தையும் வாழ்க்கைச் சாலையில் மூச்சுத் திணறத் தள்ளிக்கொண்டு போகிறவர்களைக் கண்டு தோரோ 1854இல் வெளிவந்த 'வால்டன்' நூலில் இரங்குகிறார். நூறு வருஷத்துக்குள் அவர் நாட்டவர்களே அந்த உருவகத்துக்குச் சக்கரம் பூட்டிவிட்டார்கள். 1930களிலேயே, காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் சிறு டிரெய்லர் வீடு அங்கே விடுதலையின் சின்னம். தள்ளுவதுதான் அடிமைத்தனம், இழுப்பது அல்ல என்று நினைத்தார்களோ என்னவோ.

நான் கேட்க விரும்புவது வேறு. சுமக்க ஒப்புக்கொண்ட ஒன்று நம்மேல் எந்த அளவுக்கு அழுந்தலாம்?

அரிஸோனாவில் ஒரு நண்பர் பழைய 14 அடி டிரெய்லர் வைத்திருந்தார். கருணையுள்ளவர், கார்மீதும் கருணை உண்டு. கொக்கியில் பாரம் விழுந்தால் காரின் பின்பாகம் தாழ்கிறதே என்று தண்ணீர்க் கேன்கள், புத்தகப் பெட்டி எல்லாவற்றையும் டிரெய்லரின் கடைக்கோடியில் அடுக்கினார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஃபீனிக்ஸைவிட ஃப்ளாக்ஸ்டாஃப் 1,700 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இறங்கும்போது டிரெய்லர் மெல்ல ஆடத் தொடங்கியது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிட அகலம். காரின் வாலைப் பிடித்து உலுக்கியது. கார் பிரேக்கை மிதித்திருந்தால் பின்னால் வருவது எங்களை முந்தப் பார்த்திருக்கும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேரே பிடித்தபடி, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்கினார். நின்றோம்.

மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு கொக்கியில் அமர வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. 900 கிலோ டிரெய்லருக்கு 90 முதல் 135 கிலோ. கனம் அச்சுக்குப் பின்னே போய்விட்டால் அது தன்பாட்டுக்கு ஆடும்.

யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று என் தகப்பனார் கடைசி வருஷங்களில் சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டோம். எங்களுக்கு வசதியாகவும் இருந்தது.

அதிகம் அழுந்தினாலும் ஆபத்துதான். காரின் முன்சக்கரங்கள் இலேசாகித் திசை கைவிட்டுப் போகும். ஆனால் கொக்கியைத் தராசில் வைத்து நிறுத்துவிடலாம். வீட்டில் தராசு ஏது?

பராமரிப்பிலும் இதே சங்கடம். டிரெய்லர் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவது அதிகம். டயர் தேயாமலே வெயிலில் முதுமையடைந்து வெடிப்பு விடுகிறது. பேரிங்கை வருஷத்துக்கு ஒருமுறையாவது கழற்றிக் கழுவிப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். கூரை இணைப்பில் பூசிய பசை காய்ந்து விரிந்தால் மழைநீர் சுவருக்குள் இறங்கி மரத்தை உளுக்கிறது. வெளியே தகடு பளபளவென்றே இருக்கும். அவ்வப்போது விரலால் அமுக்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. நாங்கள் அமுக்கிப் பார்க்கவில்லை.

சாலையோரத்தில் கேன்களை ஒவ்வொன்றாக முன்பக்கம் மாற்றினோம். காரின் பின்பாகம் தாழ்ந்தது. நண்பர் அதை மனசில்லாமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஏறிக்கொண்டார்.