ஸ்ரீபரதாழ்வானும் உயிலும்



"பரந்யாஸம் ஆயிற்று; இனி உயில் எதற்கு?" என்று பாகவதர்கள் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. உடைமை யாவும் எம்பெருமானுடையதாயிருக்க, இது இன்னாருக்கு என்று எழுத நாம் யார் என்பது அவர்கள் கருத்து. கேட்பதற்கு வைராக்கியம்போலவே இருக்கிறது. ஆனால் ஆத்மரக்ஷண பாரத்தை அவன் திருவடிகளில் ஸமர்ப்பித்ததனாலே, நம் வசம் விடப்பட்ட பொருளுக்குக் கணக்கு ஒப்படைக்கும் கடமை நீங்கிவிடுமோ?

ராஜ்யம் தனதன்று என்பதில் ஸ்ரீபரதாழ்வானைவிடத் தெளிந்தவர் எவர்? ஆயினும் 14 ஆண்டுகள் நந்திக்ராமத்தில் இருந்து, பாதுகைகளை முன்னிட்டு ஆண்டான். பெருமாள் மீண்டு எழுந்தருளியபோது பொக்கிஷம், களஞ்சியம், நகரம், சேனை ஆகியவற்றைப் பார்வையிட்டருளும்படி விண்ணப்பித்தான். அவை பதின்மடங்கு ஆனதும் பெருமாள் தேஜஸ்ஸாலேயே என்றான். யுத்த காண்டம் காட்டும் இந்தக் கட்டத்தை வங்கியில் இருந்த நம்மால் கணக்கு ஒப்படைப்பாகவே படிக்க முடிகிறது. தனதல்லாத பொருளுக்குத்தான் இத்தனை துல்லியம்!

உயிலை நிறைவேற்றுபவரின் நிலையும் இதுவே. நாமினியும் பொதுவாக அப்படித்தான், பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம், வாரிசுகளின் உரிமை பெரும்பாலும் அதனால் அழியாது. ஆயுள் காப்பீட்டைப் பற்றி 1983-லும், பங்குகளைப் பற்றி 2023-லும் உச்ச நீதிமன்றம் இவ்வாறே தீர்ப்பளித்தது. இதனை அறியாமல் உடன்பிறந்தார் பிணங்கியதை எத்தனையோ முறை கண்டிருக்கிறோம்.

உயில் இல்லையெனில், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆண்மகனின் சொத்து தாய், மனைவி, மகன், மகள் ஆகியோருக்குச் சமமாகப் பிரியும். கைங்கர்யத்துக்கென்று அவர் மனத்தில் வைத்திருந்தது மனத்தோடே போகும். அதற்காக, அனைத்தையும் திவ்யதேசத்துக்கு எழுதிவிட்டு, ஆயுள் முழுதும் தளிகை செய்து ஸமர்ப்பித்த தேவிகளைப் பிள்ளைகளின் தயவில் விடுவதும் நமக்கு உவப்பன்று. சுயார்ஜிதத்தில் சட்டம் இதைத் தடுக்காது. ஆனால் அந்த அம்மையாரும் எம்பெருமானுடைய உடைமையன்றோ?

சொல்லத் தயங்கும் இன்னொன்றும் உண்டு. வீட்டுக்கும் நகைக்கும் ஆள் இருக்கிறது. தலைமுறைகளாக ஆராதிக்கப்பட்ட ஸாளக்ராமப் பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொள்ள ஆள் இல்லை. அயல்நாட்டில் வேலைபார்க்கும் பிள்ளைகளைக் குறைகூறிப் பயனில்லை. நித்ய திருவாராதனம் நடத்தக்கூடியவர் உறவினராயினும் அயலாராயினும், இப்போதே அவருடைய இசைவைப் பெற்றுப் பெயரைக் குறித்துவைக்கவேண்டும்.

உயிலுக்கு வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டா. பதிவு கட்டாயமன்று, செய்தால் நன்று. இரண்டு சாட்சிகளின் கையொப்பம் கட்டாயம். பங்கு பெறுபவர் சாட்சியாகாதிருத்தல் நலம். ஆராதனப் பெருமாளைப் பற்றிய வாக்கியத்தை முதலில் எழுதிக்கொள்ளலாம்.