சந்தேகம் யார் மீது?

செஸ்னா 172 போன்ற சிறு விமானத்தின் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். 1, 2, 4 ஆகியவற்றின் வெளியேற்ற வாயு 720 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் நிற்கிறது, 3 மட்டும் 790 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஹேங்கரில் நான் அதிகம் கேட்ட பதில், "புரோப் போயிருக்கும் லா." எஞ்சினுக்கு ஒன்றுமில்லை, அளக்கிற கருவிதான் பொய் சொல்கிறது என்று அர்த்தம். பல நேரம் அது உண்மையும்கூட. ஆனால் நான்கும் ஒரே எண்ணைக் காட்டும் நாளில் யாரும் புரோப்பைச் சந்தேகிப்பதில்லை. வேலை வைக்கும் எண்ணை மட்டும்தான் சந்தேகிக்கிறோம். இது நியாயமா?

முதலில் அந்த எண் என்ன என்று பார்க்கலாம். புரோப்புக்குள் இருப்பது இரண்டு வேறு உலோகக் கம்பிகளின் இணைப்பு. அதன் இரு முனைகளுக்கும் இடையே வெப்ப வித்தியாசம் இருந்தால் சிறு மின்னழுத்தம் பிறக்கும். 1821இல் சீபெக் இதைக் கண்டபோது பக்கத்திலிருந்த காந்த ஊசி அசைந்தது. வெப்ப வித்தியாசம் காந்தத்தை உண்டாக்குகிறது என்று அவர் முடிவு கட்டினார். ஊசி அசைந்தது உண்மை. அவர் சொன்ன காரணம்தான் பிழை.

வெளியேற்ற வால்வு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்ச நேரமே திறக்கிறது. ஆக, திரையில் தெரிவது சூடும் இடைவெளியும் கலந்த சராசரி. புரோப் ஓர் அங்குலம் தள்ளியிருந்தாலே எண் மாறும். அதனால் நான்கும் சமமாக இருப்பது ஆரோக்கியத்துக்குச் சான்றாகாது. 40, 50 டிகிரி வித்தியாசத்தோடு வருஷக்கணக்கில் நன்றாக ஓடும் எஞ்சின்கள் உண்டு. பக்கத்துச் சிலிண்டர் எவ்வளவு காட்டுகிறது என்பதைவிட, இதே சிலிண்டர் போன மாதம் எவ்வளவு காட்டியது என்பதுதான் நல்ல கேள்வி.

போன மாதம் இது 730 என்றால்? ஒரு சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். அதில் ஒன்று அணைந்தால் கலவை மெதுவாக எரியும், எரிந்து முடியாமலே வெளியேறும். வெளியேற்றக் குழாயில் சூடு ஏறும், சிலிண்டர் தலையில் குறையும். இன்ஜெக்டர் அடைத்து எரிபொருள் குறைந்தாலும் எண் ஏறலாம்.

தீர்த்துவைக்க ஒரு பழைய வழி இருக்கிறது. 1, 3 இரண்டின் புரோப்களையும் இடம் மாற்றி, அதே ஆர்.பி.எம்.மில், அதே கலவையில் எஞ்சினை ஓட்ட வேண்டும். கூடுதல் சூடு 1க்குப் போனால் புரோப்தான் காரணம். 3லேயே நின்றால் சிலிண்டரைத் திறந்து பார்க்க வேண்டும். எது வந்தால் என்ன செய்வோம் என்பதை ஓட்டுவதற்கு முன்பே எழுதிவைப்பது என் பழக்கம். தன்னைத் தோற்கடிக்கக்கூடிய ஒரு சோதனைக்குச் சம்மதிக்கும் வரைதான் அது சந்தேகம். சம்மதிக்காவிட்டால் அதற்குப் பெயர் சாக்கு.

வேலையிடத்தில் ஒருவர் திரும்பத் திரும்பப் புகார் சொல்கிறார். "அவன் எப்பவுமே அப்படித்தான்டா, விடு." புரோப் போயிருக்கும் என்ற அதே வாக்கியம்தான் இது. அவருடைய ஷிப்டில் ஒரு மாதம் வேறொருவரை உட்கார வைத்துப் பார்க்கலாமே! புகார் ஆளோடு போகிறதா, இடத்தோடு நிற்கிறதா? இங்கே சோதனை அவ்வளவு சுத்தமாக வராது, தெரியும். புரோப்புக்கு ஞாபகம் கிடையாது. மனிதர் பழைய இடத்தின் காயத்தையும் கூடவே கொண்டுபோவார். புதிதாக வந்தவரோ, முன்னவருக்கு நடந்ததைப் பார்த்து வாயைத் திறக்காமலே இருந்துவிடலாம். அப்படி வரும் மௌனத்தை 720 என்று வாசித்துவிடக் கூடாது.

புரோப்களை மாற்றி ஓட்டிப் பார்க்க ஒரு காலைப்பொழுது போதும். அதை மிச்சம் பிடித்தவர் மாலையில் வீட்டுக்குப் போய்விடுவார். அந்த ஒரே எஞ்சினை நம்பி மறுநாள் மேலே ஏறுவது, ஹேங்கரில் நடந்த பேச்சைக் கேட்டிராத ஒரு பயிற்சி மாணவர்.